வழிவிடும் பாலம்



ஆற்றைக் கடக்கப் பாலம் வேண்டும். இதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. மழைக்காலத்தில் ஒரு சிறிய மரப்பாலம் அடித்துக்கொண்டு போய்விட்டாலே பள்ளிப் பிள்ளைகள் எத்தனை தொல்லைப்படுவார்கள் என்பதைத் தோட்டப்புறத்தில் வாழ்ந்தவர்கள் அறிவார்கள்.

ஆனால் ஒரு கேள்வி. அதே ஆற்றின் வழியாக உயரமான பாய்மரக் கப்பல்களும் நீராவிக் கப்பல்களும் வந்துபோனால் என்ன செய்வது? பாலத்தைத் தாழ்வாகக் கட்டினால் கப்பல் உள்ளே வரமுடியாது. மிக உயரமாகக் கட்டினால் கரையோரத்துச் சரக்கு வண்டிகள் அதன்மேல் ஏறமுடியாது. சாலை ஒரு பக்கம் போகிறது; ஆறு வேறு பக்கம் போகிறது. இரண்டும் குறுக்கிடும் இடத்தில் யார் யாருக்கு வழிவிடுவது?

இந்தக் கேள்விக்கு 1876-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் வடகிழக்குப் பகுதியில் இரும்பினால் ஒரு விடை கூறப்பட்டது. கப்பல் வரும்போது பாலமே ஒரு கதவைப்போலத் திரும்பி வழிவிட்டது. கப்பல் போனதும் மீண்டும் திரும்பிவந்து சாலையோடு சேர்ந்துகொண்டது. டைன் ஆற்றின்மீது நியூகாசில் நகரையும் கேட்ஸ்ஹெட் நகரையும் இணைக்கும் அந்தச் சுழல் பாலத்தின் கதையைத்தான் இன்று நாம் காணவிருக்கிறோம். பாலத்தின் கதையோடு, அதைச் செய்த தொழிலாளரின் கதையும், அதனால் பிழைப்பை இழந்த தொழிலாளரின் கதையும் சேர்ந்தே வரும்.

முதலில் ஊரைப்பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். நியூகாசில் கடலிலிருந்து ஏறத்தாழ 10 மைல் உள்ளே, டைன் ஆற்றின் வடகரையில் இருக்கிறது. எதிர்க்கரையில் இருப்பது கேட்ஸ்ஹெட். இரு கரைகளும் செங்குத்தான மேடுகள். நடுவே ஆறு பள்ளத்தில் ஓடுகிறது. லண்டன் மாநகரிலிருந்து புறப்பட்டு ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோ வரை செல்லும் பழைய வடக்குப் பெருஞ்சாலை இவ்விடத்தில்தான் ஆற்றைக் கடந்தது.

ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்கு முன்பே ரோமானியர் இந்த இடத்தில் ஒரு பாலம் கட்டினார்கள். பின்னர் 13-ஆம் நூற்றாண்டில் ஒரு கல் பாலம் எழுந்தது. அந்தப் பாலத்தின்மேல் வீடுகளும் கடைகளும்கூட இருந்தன. மக்கள் பாலத்திலேயே குடியிருந்து, பாலத்திலேயே வியாபாரம் செய்துவந்தார்கள்.

1771-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஓர் இரவு ஆற்றில் பெருவெள்ளம் வந்தது. கல் பாலத்தின் வளைவுகள் இடிந்தன. அவற்றின்மேல் இருந்த வீடுகளும் ஆற்றில் விழுந்தன. மக்கள் சிலர் உயிரிழந்தார்கள். அந்த ஒரே வெள்ளத்தில் டைன் ஆற்றின் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அழிந்தன. மேற்கே கோர்பிரிட்ஜ் என்ற ஊரில் 1674-இல் கட்டப்பட்ட பாலம் ஒன்றே தப்பி நின்றது.

இடிந்த இடத்தில் மீண்டும் ஒரு கல் பாலத்தைக் கட்டி 1781-இல் முடித்தார்கள். ஒன்பது வளைவுகள் கொண்ட உறுதியான பாலம் அது. மனிதரும் குதிரையும் வண்டியும் நன்றாகக் கடந்தார்கள். ஆனால் வளைவுகள் தாழ்வானவை. கடலிலிருந்து வரும் கப்பல் அந்தப் பாலம் வரையில்தான் வரமுடியும். அதற்குமேல் ஓர் அடிகூட நகரமுடியாது.

அந்தத் தாழ்வான பாலத்தை நம்பி ஒரு கூட்டம் வாழ்ந்தது. அவர்களைத்தான் அடுத்துப் பார்க்கப்போகிறோம்.

டைன் ஆற்றின் இரு மருங்கிலும் நிலக்கரிச் சுரங்கங்கள் நிறைந்திருந்தன. லண்டன் நகரின் அடுப்புகள் எரிந்தது பெரும்பாலும் இந்தப் பகுதியின் நிலக்கரியால்தான். சுரங்கங்கள் பல பாலத்துக்கு மேற்கே, அதாவது ஆற்றின் மேல்புறத்தில் இருந்தன. கப்பல்களோ பாலத்துக்குக் கீழ்ப்புறத்தில் நின்றன. நிலக்கரியைக் கப்பலுக்குக் கொண்டுசேர்ப்பது யார்?

அதற்கென்று ஒரு வகைப் படகு இருந்தது. கீல் என்பது அதன் பெயர். அடிப்பாகம் தட்டையான, அகன்ற படகு. ஒரு படகில் ஏறத்தாழ 21 டன் நிலக்கரி ஏற்றலாம். அந்தப் படகுகளை ஓட்டியவர்களைக் கீல்மன் என்று அழைத்தார்கள். நாம் கரிப்படகுக்காரர் என்று சொல்லிக்கொள்வோம். மூன்று ஆடவரும் ஒரு சிறுவனுமாக ஒரு படகில் வேலை செய்வது வழக்கம். கடலின் வற்றம் தொடங்கியதும் நீரோட்டத்தோடு கீழே போவார்கள். கப்பலின் பக்கத்தில் படகைக் கட்டிவிட்டு, நிலக்கரியை மண்வாரியால் அள்ளி, தலைக்குமேல் உயரத்தில் இருக்கும் கப்பலின் வாயில் எறிவார்கள். மீண்டும் ஏற்றம் வந்ததும் அதனோடு திரும்பி வருவார்கள். இரவா பகலா என்பதைக் கடல் முடிவு செய்தது. கூலி நடைக்கு இவ்வளவு என்று கிடைத்தது.

வெயிலும் பனியும் பார்க்காமல் உழைத்த இந்த மக்கள் இன்னொன்றும் செய்தார்கள். ஒவ்வொரு நடைக்கும் கிடைத்த கூலியிலிருந்து ஒரு சிறு தொகையைப் பிடித்துச் சேர்த்தார்கள். அந்தப் பணத்தில் 1701-ஆம் ஆண்டில் தங்களுடைய முதியவர்களுக்கும் நோயாளிகளுக்கும் விதவைகளுக்கும் ஒரு விடுதியைக் கட்டினார்கள். அரசன் கொடுத்த கொடையன்று. முதலாளி கட்டிக்கொடுத்ததும் அன்று. கூலிக்காரர்கள் தம் சொந்தக் காசில் எழுப்பிய கட்டடம். அந்த நிதியை யார் நிர்வகிப்பது என்பதில் நிலக்கரி வியாபாரிகளுக்கும் படகுக்காரர்களுக்கும் நெடுங்காலம் இழுபறி நடந்தது. பணம் சேர்ப்பவன் ஒருவன், சாவி வைத்திருப்பவன் வேறொருவன் என்றால் சச்சரவு வராமலா இருக்கும்?

இனி, பாலத்தை மாற்றியமைத்த மனிதரிடம் வருவோம்.

வில்லியம் ஆர்ம்ஸ்ட்ராங் 1810-ஆம் ஆண்டில் நியூகாசிலில் பிறந்தார். படித்தது சட்டம்; பார்த்தது வழக்கறிஞர் தொழில். ஆனால் மனம் இயந்திரங்களை நாடிற்று. 1835-இல் ஒருநாள் மலைப்பகுதி ஒன்றில் மீன்பிடிக்கச் சென்றிருந்தபோது, ஓடைநீரால் சுழலும் ஒரு சக்கரத்தை அவர் கூர்ந்து கவனித்தார். மலைமேலிருந்து அத்தனை உயரம் இறங்கி வருகிறது நீர். ஆனால் சக்கரத்தைச் சுழற்றப் பயன்படுவது அந்த உயரத்தில் ஒரு சிறு பகுதிதான். மிச்சமுள்ள ஆற்றல் எல்லாம் வீணாகிறதே என்று அவருக்குத் தோன்றியது.

நேயர்களே, இந்த எண்ணம் நமக்கும் எட்டாததன்று. லயத்துக்கு மேலே மேட்டில் தண்ணீர்த் தொட்டி இருக்கும். கீழே லயத்தில் குழாயைத் திறந்தால் நீர் சீறிக்கொண்டு வரும். கைவிரலால் குழாயின் வாயை அடைத்துப் பாருங்கள். விரலை நீர் தள்ளும். தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்குத் தள்ளும் விசையும் அதிகம். அந்த விசைக்குத்தான் நீரழுத்தம் என்று பெயர். விரலைத் தள்ளும் நீர், அளவிற் பெரிய குழாயில் இருந்தால் இரும்பையும் தள்ளும்.

ஆர்ம்ஸ்ட்ராங் இதைக்கொண்டு முதலில் ஒரு பாரந்தூக்கியைச் செய்தார். நகரத்துக் குடிநீர்க் குழாயின் அழுத்தத்தாலேயே இயங்கிய அந்தப் பாரந்தூக்கி 1840-களில் நியூகாசில் துறைமுகத்தில் சரக்கு இறக்கியது. 1847-இல் வழக்கறிஞர் தொழிலை விட்டுவிட்டு, ஆற்றோரத்தில் எல்ஸ்விக் என்னுமிடத்தில் தொழிற்சாலை தொடங்கினார்.

ஆனால் எல்லா ஊரிலும் உயரமான நீர்த்தொட்டி கிடைக்குமா? கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? இதற்கும் அவர் ஒரு வழி கண்டார். ஒரு பெரிய இரும்பு உருளைக்குள் உலக்கை போன்ற தண்டு ஒன்றை நிறுத்தினார். அந்தத் தண்டின்மேல் பல டன் பாரத்தை ஏற்றினார். நீராவி இயந்திரம் கொஞ்சம் கொஞ்சமாக நீரை உருளைக்குள் செலுத்தும்போது, தண்டும் பாரமும் மெல்ல மேலே எழும். எழுந்த பாரம் எந்நேரமும் நீரைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும். தேவைப்படும்போது அடைப்பைத் திறந்தால் நீர் பெரும் விசையோடு வெளியே பாயும். உண்டியலில் சில்லறையாகப் போட்டு, கல்யாணத்துக்கு மொத்தமாக எடுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறிய இயந்திரம் நெடுநேரம் உழைத்துச் சேர்த்த ஆற்றலைச் சில நிமிடங்களில் செலவழிக்கலாம். சுழல் பாலத்துக்கு உயிர் கொடுத்தது இந்தச் சேமிப்புதான்.

எல்ஸ்விக் தொழிற்சாலை வளர்ந்தது. பாரந்தூக்கிகளோடு பீரங்கிகளும் அங்கே செய்யப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் அங்கு வேலை செய்தார்கள். ஆனால் தொழிற்சாலை இருந்தது பழைய கல் பாலத்துக்கு மேற்கே. கப்பல் அங்கே வரமுடியாது. எத்தனை பெரிய பொருளைச் செய்தாலும் அதைக் கப்பலில் ஏற்றுவது பெரும்பாடு. எனவே, பாலத்தை மாற்றவேண்டும் என்பதில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்குத் தம் சொந்த நன்மையும் இருந்தது. 1850-இல் அமைந்த டைன் ஆற்று மேம்பாட்டு ஆணையமும் ஆற்றைத் தோண்டி ஆழப்படுத்திக் கப்பல்களை உள்ளே கொண்டுவர விரும்பியது.

உயரமாக ஒரு பாலம் கட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். அப்படியும் ஒன்று இருந்தது. ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியியலாளர் அமைத்த உயர்மட்டப் பாலம் 1849-இல் திறக்கப்பட்டது. ஆற்றுக்கு மேலே ஏறத்தாழ 120 அடி உயரத்தில், மேல்தட்டில் ரயிலும் கீழ்த்தட்டில் வண்டிகளும் போயின. ஆனால் அது மேட்டையும் மேட்டையும் இணைத்தது. பள்ளத்தில் இருக்கும் துறைமுகத்திலிருந்து பாரவண்டி அவ்வளவு உயரம் ஏறுவது எளிதா? அதோடு, அந்தப் பாலத்தில் போக வண்டிக்கும் ஆளுக்கும் கட்டணம் வசூலித்தார்கள். ஆகவே கரையோரத்து மக்களுக்குத் தாழ்வான பாலமும் வேண்டியிருந்தது. கப்பலுக்குத் திறந்த வழியும் வேண்டியிருந்தது. பழைய கல் பாலத்தை எடுத்துவிட்டு, அதே இடத்தில் சுழல் பாலம் அமைப்பது என்று முடிவாயிற்று. இரும்பு வேலையும் இயந்திரங்களும் ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனத்தின் பொறுப்பு.

பாலத்தின் வேலை தொடங்குமுன் அந்தத் தொழிற்சாலையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும்.

1871-ஆம் ஆண்டு மே மாதத்தில் நியூகாசில், கேட்ஸ்ஹெட் நகரங்களின் இயந்திரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் கேட்டது கூலி உயர்வன்று. நாளொன்றுக்கு ஒன்பது மணி நேர வேலை, அவ்வளவே. வீட்டில் பிள்ளைகளோடு இருக்கவும், படிக்கவும், இளைப்பாறவும் சிறிது நேரம் வேண்டும் என்றார்கள். அவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொழிற்சங்கத்திலும் உறுப்பினர் அல்லர். ஜான் பர்னெட் என்ற தொழிலாளி அவர்களுக்குத் தலைமை தாங்கினார். முதலாளிகளின் பக்கம் முன்னணியில் நின்றவர் ஆர்ம்ஸ்ட்ராங்.

வேலைநிறுத்தத்தை முறியடிக்கக் கடல் கடந்து பெல்ஜியம், ஜெர்மனி முதலிய நாடுகளிலிருந்து ஆள்கட்டி வந்தார்கள். வந்தவர்களில் பலருக்கு இங்கே வேலைநிறுத்தம் நடக்கிறது என்பதே தெரியாது. தொழிலாளர்கள் அவர்களோடு பேசினார்கள், நிலைமையை விளக்கினார்கள், திரும்பிப்போக வழிச்செலவுக்கும் உதவினார்கள். பலர் திரும்பிச் சென்றார்கள். ஐந்து மாதங்கள் இழுத்த போராட்டம் அக்டோபரில் முடிந்தது. ஒன்பது மணி நேர நாள், அதாவது வாரத்துக்கு 54 மணி நேர வேலை என்பதை முதலாளிகள் ஏற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தின் மற்ற நகரங்களிலும் இயந்திரத் தொழிலாளர்கள் அதே உரிமையைக் கேட்டுப் பெற்றார்கள். ஜான் பர்னெட் பின்னாளில், 1886-இல், பிரிட்டிஷ் அரசின் வணிக வாரியத்தில் தொழிலாளர் நிலைமையை ஆராயும் அதிகாரியாக நியமிக்கப்பட்டார்.

இது முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1873-இல், சுழல் பாலத்தின் வேலை தொடங்கியது. அந்தப் பாலத்தின் இரும்புத் தகடுகளை வளைத்துத் தறைந்தவர்கள் ஒன்பது மணி நேர நாளைப் போராடிப் பெற்ற அதே ஊர்த் தொழிலாளர்கள். பாலத்தைப் பற்றிப் பேசுவோர் ஆர்ம்ஸ்ட்ராங்கின் பெயரைத்தான் சொல்வார்கள். அவருடைய அறிவு பெரிதுதான். அதை இரும்பில் செய்துகாட்டிய கைகளும் நம் நினைவில் இருக்கட்டும்.

சரி, பாலம் எப்படித் திரும்புகிறது?

ஆற்றின் நடுவே ஒரு பெரிய கல் தூண். அதன்மேல் ஏறத்தாழ 280 அடி நீளமுள்ள இரும்புப் பாலம் நடுப்பகுதியில் தாங்கப்பட்டு நிற்கிறது. எடை 1,200 டன்னுக்கு மேல். இரண்டு கைகளையும் இருபுறம் நீட்டி நிற்கும் மனிதனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கை நியூகாசிலைத் தொடுகிறது. மறு கை கேட்ஸ்ஹெட்டைத் தொடுகிறது.

காண்டாக் கம்பில் இரண்டு பால் வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமந்தவர்களுக்கு இந்தப் பாலத்தின் இரகசியம் எளிதில் விளங்கும். இரண்டு வாளியிலும் பால் சமமாக இருந்தால் கம்பு தோளில் அமைதியாக நிற்கும். சுமந்தபடியே உடலைத் திருப்பினால் கம்பும் திரும்பும். ஒரு வாளியில் மட்டும் பால் குறைந்தால் கம்பு சாயும், தோள் நோகும். சுழல் பாலமும் அப்படித்தான். இரு கைகளும் ஒரே நீளம், ஒரே எடை. சமநிலையில் நிற்பதால்தான் அத்தனை பெரிய பாரத்தைத் திருப்ப முடிகிறது.

பாலத்தின் அடியில், நடுத்தூணின்மேல், வட்டமாக இரும்பு உருளைகள் அமைந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் நீரழுத்த அச்சு, பாலத்தின் எடையில் பெரும் பங்கைத் தாங்கிக்கொள்கிறது. எஞ்சிய எடையை உருளைகள் தாங்குகின்றன. தூணுக்குள்ளே ஏறத்தாழ 60 அடி ஆழத்துக்கு இறங்கும் கிணறுகளில், நாம் முன்பு கண்ட அழுத்தச் சேமிப்பு உருளைகள் இருக்கின்றன. பாலத்தின் நடுவே மேலே ஒரு சிறிய கூண்டு போன்ற அறை. அதற்குள் இருக்கும் ஆள் முதலில் சாலையை அடைக்கச் சொல்வார். வண்டிகள் நின்றுவிடும். பிறகு நெம்புகோலை நகர்த்துவார். அழுத்தத்தில் காத்திருந்த நீர் இயந்திரத்துக்குள் பாயும், பற்சக்கரங்கள் சுழலும், பாலம் மெல்லத் திரும்பி ஆற்றின் போக்கிலேயே நீளவாக்கில் நின்றுவிடும். தூணின் இருபுறமும் ஏறத்தாழ 100 அடி அகலத்தில் இரண்டு வழிகள் திறக்கும். கப்பல் கடந்துபோனபின் பாலம் தன் பழைய இடத்துக்கு வந்து சேரும்.

ஆயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரும்பை ஒரு மனிதனின் கை அசைத்தது என்றால் மந்திரம் போலத் தோன்றும். மந்திரம் ஒன்றுமில்லை. சமநிலை, உருளைகள், சேமித்துவைத்த நீரழுத்தம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த வேலை அது.

1876-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாலம் வண்டிகளுக்குத் திறக்கப்பட்டது. ஜூலை 17-ஆம் நாள் முதன்முறையாகக் கப்பலுக்கு வழிவிட்டது. அப்போது அதுவே உலகிலேயே மிகப் பெரிய சுழல் பாலம். முதலில் கடந்த கப்பல் ஐரோப்பா என்ற இத்தாலியக் கப்பல். அது எதற்காக வந்தது? எல்ஸ்விக்கில் செய்த 100 டன் எடையுள்ள பீரங்கி ஒன்றை ஏற்றிக்கொண்டு போக வந்தது!

பாலம் திறந்த வழியில் வணிகமும் சென்றது, போரும் சென்றது. எல்ஸ்விக்கில் 1880-களில் போர்க்கப்பல் கட்டும் தளமும் அமைந்தது. பிரிட்டனுக்கு மட்டுமன்றி ஜப்பான் முதலிய நாடுகளுக்கும் அங்கே கப்பல்கள் கட்டினார்கள். 1896-இல் அங்கே நீரில் இறக்கப்பட்ட யாஷிமா என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் இந்தப் பாலத்தைக் கடந்துதான் கடலை அடைந்தது. அறிவு ஒன்றுதான். அதைக்கொண்டு சரக்கு தூக்கலாம், பாலம் திருப்பலாம், பீரங்கியும் செய்யலாம்.

கரிப்படகுக்காரர்கள் என்ன ஆனார்கள்?

அவர்களுடைய தொழில் ஏற்கெனவே நலிந்துகொண்டு வந்தது. சுரங்கத்திலிருந்து ரயில் பாதையில் வரும் நிலக்கரியை ஆற்றோர மேடைகளிலிருந்து நேரே கப்பலுக்குள் கொட்டும் முறை வந்துவிட்டது. இதனை எதிர்த்து 1822-இல் அவர்கள் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தும் பார்த்தார்கள். ஆனாலும் பாலத்துக்கு மேற்புறம் மட்டும் அவர்களுடைய படகுக்கு வேலை இருந்தது. கப்பல் அங்கே வரமுடியாது என்பதால்தான் அந்த வேலை. சுழல் பாலம் திறந்தது, ஆறும் ஆழமாயிற்று, கப்பல்கள் நேரே மேற்கே போய் நிலக்கரி ஏற்றின. இடையில் ஒரு படகு எதற்கு? தலைமுறை தலைமுறையாகத் தகப்பனிடமிருந்து மகன் கற்ற தொழில் மறைந்துபோயிற்று.

பாலம் கெட்டது என்று இதற்குப் பொருளன்று. பாலத்தால் ஊர் வளர்ந்தது. பல்லாயிரம் பேருக்கு வேலை கிடைத்தது. ஆனால் ஒரு வழி திறக்கும்போது வேறெங்கோ ஒரு வழி அடைபடுகிறது. அடைபட்ட பக்கம் நிற்பவர்களை யாராவது கணக்கில் எடுத்தார்களா என்று கேட்பது நியாயமே. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தையும், ரப்பர் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்ட காலத்தையும், லயங்களைக் காலிசெய்யச் சொன்ன காலத்தையும் கண்ட குடும்பங்களுக்கு இந்தக் கேள்வியின் எடை தெரியும்.

நம் நாட்டுக்கும் அந்த ஆற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. காலப்போக்கில் போர்க்கப்பல்கள் மேலும் மேலும் பெரியதாயின. சுழல் பாலத்தின் வழி அவற்றுக்குப் போதவில்லை. எனவே ஆர்ம்ஸ்ட்ராங் நிறுவனம் 1913-இல் பாலத்துக்குக் கீழே, கடலுக்கு அருகில், வாக்கர் என்னுமிடத்தில் புதிய கப்பல் தளத்தைத் திறந்தது. அங்கே கட்டி 1915-இல் நீரில் இறக்கப்பட்ட ஒரு பெரும் போர்க்கப்பலுக்கு மலாயா என்று பெயர். அதற்கான செலவை ஏற்றது பேரா, சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் சேர்ந்த மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசு. அந்த அரசின் கருவூலத்தை நிரப்பியவற்றுள் முதன்மையானவை ஈயமும் ரப்பரும். ஈயம் தோண்டியவர்களும் பால்மரம் சீவியவர்களும் அந்தக் கப்பலைப் பார்த்ததில்லை. எனினும் அவர்களுடைய உழைப்பின் ஒரு பங்கு டைன் ஆற்றங்கரையில் இரும்பாக நின்றது. அந்தக் கப்பல் 1916-இல் ஜட்லண்ட் கடற்போரில் ஈடுபட்டது.

வாக்கர் தளம் வந்தபின் எல்ஸ்விக்கில் கப்பல் கட்டுவது குறைந்து, முதல் உலகப்போருக்குப் பின் நின்றுபோயிற்று. நிலக்கரி ஏற்றுமதியும் பின்னர் தேய்ந்தது. ஆற்றின் மேற்புறம் செல்லும் கப்பல்கள் அருகின. ஒருகாலத்தில் நாள்தோறும் பலமுறை திரும்பிய பாலம் எப்போதாவது ஒருமுறை திரும்பும் நிலைக்கு வந்தது. நீரைச் செலுத்திய நீராவி இயந்திரங்களுக்குப் பதிலாக 1959-இல் மின்சார இயந்திரங்கள் வந்தன. பாலத்தைத் திருப்பும் மற்ற பகுதிகளில் பெரும்பாலானவை 1876-இல் செய்தவையே. அருகில் வேறு பாலங்களும் எழுந்தன. 1928-இல் பெரிய வளைவுப் பாலம் திறக்கப்பட்டது. 2001-இல் நடந்துசெல்வோருக்காக ஒரு பாலம் திறக்கப்பட்டது. கண்ணிமை மேலெழுவதுபோல் சாய்ந்து கப்பலுக்கு வழிவிடும் பாலம் அது.

பழைய சுழல் பாலம் பாதுகாக்கப்பட வேண்டிய வரலாற்றுச் சின்னமாக மதிக்கப்படுகிறது. சற்றுத் தொலைவில், கரிப்படகுக்காரர்கள் தங்கள் கூலியில் பிடித்த காசால் 1701-இல் கட்டிய விடுதிக் கட்டடமும் நிற்கிறது. படகுகள் போய்விட்டன; அந்தத் தொழிலும் போய்விட்டது. கட்டடம் மட்டும், இப்படி ஒரு மக்கள் இருந்தார்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறது.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு சிறு வேலை. ஒரு நீண்ட கம்பை அதன் நடுவில் ஒரு போத்தலின் மூடிமேல் வையுங்கள். இரு முனைகளிலும் சம எடையுள்ள இரண்டு டின்களைக் கட்டுங்கள். ஒரு விரலால் முனையை மெல்லத் தள்ளுங்கள். எவ்வளவு எளிதாகத் திரும்புகிறது என்று பாருங்கள். பின்பு ஒரு டின்னில் மட்டும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். என்ன நடக்கிறது, ஏன் நடக்கிறது என்று வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேளுங்கள். காண்டாக் கம்பு சுமந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், புத்தகத்தில் இல்லாத விளக்கமும் கிடைக்கும்.

பெற்றோர்களே, பிள்ளைகள் அப்படிக் கேட்கும்போது, "போய்ப் படி" என்று விரட்டிவிடாதீர்கள். அவர்கள் கேட்பதும் படிப்புத்தான். ஓடையில் சுழன்ற ஒரு சக்கரத்தைப் பார்த்து ஒருவர் கேட்ட கேள்விதான் பின்னாளில் ஆற்றின்மேல் பாலமாயிற்று.